கீன்ஸ் எழுதியதெல்லாம் பிரிட்டன் நினைத்ததா?

1945-இல் பிரிட்டன் அமெரிக்காவிடம் வாங்கிய கடனைப் பற்றி யார் எழுதினாலும் மூன்று பெயர்கள் வந்துவிடும்: பட்டினி மூலை, சபலம், நீதி. அந்த ஆண்டு மார்ச்சில் எழுதிய ஒரு குறிப்பில், போருக்குப் பிறகு நாட்டுக்கு இருந்த மூன்று வழிகளுக்குப் பொருளாதார அறிஞர் ஜான் மேனார்டு கீன்ஸ் சூட்டிய பெயர்கள் இவை. யாரிடமும் கையேந்தாமல், இறக்குமதியைக் கட்டிப்போட்டுப் பிழைப்பது பட்டினி மூலை. அமெரிக்கர் போடும் நிபந்தனைக்கெல்லாம் தலையாட்டிவிட்டு வட்டிக்குப் பெருங்கடன் வாங்குவது சபலம். லெண்ட்-லீஸ் உதவி (போர்ச் சரக்கை உடனடிப் பணம் கேட்காமல் அமெரிக்கா தந்த திட்டம்) தொடங்குவதற்கு முன் பிரிட்டன் ரொக்கம் கொடுத்து அமெரிக்காவில் வாங்கிய சரக்குக்காக 300 கோடி டாலரை அமெரிக்கா திருப்பித் தருவது, அதற்கு மேல் 500 கோடி டாலர் வரை பெயரளவு வட்டிக்குக் கடன் வசதி செய்துகொடுப்பது, இதுதான் நீதி. ஒருமுறை படித்தால் மறக்காத பெயர்கள். வம்பே அங்கேதான் தொடங்குகிறது. "பிரிட்டன் நீதியை எதிர்பார்த்துப் போனது, சபலத்தோடு திரும்பியது" என்று ஒரே வரியில் கதையை முடித்துவிடுகிறார்கள். அந்த வரியில் வரும் பிரிட்டன் யார் என்று கேட்டால் பதில் இல்லை. குறிப்பை எழுதியவர் கீன்ஸ். டிரஷரி என்கிற நிதித்துறையில் அதை எல்லோரும் ஏற்கவில்லை. அமைச்சர்கள் அதில் எவ்வளவை எப்போது உள்வாங்கினார்கள் என்பது இன்னொரு கதை. ஆலோசகரின் கடிதத்தைப் பிரித்துவிட்டு அரசின் மனத்தைப் படித்துவிட்டதாக நினைக்கும் இந்தப் பழக்கம் நெடுநாளாக உறுத்துகிறது. அரசு என்ன நினைத்தது என்பதற்கு ஆலோசகரின் கடிதம் சாட்சி ஆகாது. அவர் யாரை இணங்கவைக்கப் பார்த்தார் என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி.

கீன்ஸ் விஷயத்தில் இது இன்னும் தீவிரம். 1940 கோடையிலிருந்து டிரஷரியில் அவருக்கு ஓர் அறை இருந்தது. சம்பளம் இல்லை, அதிகாரப் படிநிலையில் இடம் இல்லை, ஒரு பிரிவும் அவருக்குக் கீழே இல்லை. கையெழுத்துப் போட்டால் காரியம் நடக்கும் நாற்காலியில் இருப்பவர் இரண்டு வரி எழுதினால் போதும். அந்த நாற்காலி இல்லாதவர் எட்டுப் பக்கம் எழுதித்தான் ஆக வேண்டும், அதுவும் வாசிப்பவர் பாதியில் கீழே வைக்காதபடி எழுத வேண்டும். ஆலோசகர்களின் கோப்புகள் தடிமனாக இருப்பதற்கும், அவற்றில் நல்ல உரைநடை கிடைப்பதற்கும் காரணம் இதுதான். முடிவெடுத்தவர் விட்டுச்சென்றது பெரும்பாலும் ஒரு சுருக்கொப்பமும் தேதியும் மட்டுமே. பிற்காலத்தில் வருகிறவன் நன்றாக எழுதியவனைத்தான் நம்புவான்.

எங்கே என்ன இருக்கிறது

ஒரே இடத்தில் உட்கார்ந்து இந்தக் கதையை முடிக்க முடியாது. லண்டனின் கியூ பகுதியில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் 'டி 247' என்ற வரிசை, டிரஷரியில் கீன்ஸ் வைத்திருந்த கோப்புகள். பெரும்பாலோர் இதைப் பார்த்துவிட்டு வீடு திரும்புகிறார்கள். பார்க்க வேண்டியது பக்கத்திலேயே இருக்கும் 'டி 236', அதாவது வெளிநாட்டு நிதிப் பிரிவின் கோப்புகள். கீன்ஸின் குறிப்பை வாங்கிப் படித்தவர்கள் என்ன சொன்னார்கள் என்பது அங்கே கிடைக்கும். அமைச்சரவைக் கூட்டக் குறிப்புகளுக்கு 'கேப் 128', அமைச்சரவைக்குப் போன தாள்களுக்கு 'கேப் 129', பிரதமர் அட்லீயின் அலுவலகத்துக்கு 'பிரெம் 8'. தனிக் கடிதங்கள் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிக் காப்பகத்தில். வாஷிங்டனில் டிரஷரியின் பிரதிநிதியாக இருந்த ராபர்ட் பிராண்டின் தாள்கள் ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில். அமெரிக்கத் தரப்புக்கு, அந்நாட்டு வெளியுறவுத் துறை வெளியிடும் ஆவணத் தொகுதிகளில் 1945-க்கான ஆறாவது தொகுதி. அது இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. கியூவுக்குப் போகும் முன் அதை முழுக்கப் படித்துவிடுவது நல்லது. பாதிப் பேர் செய்வதில்லை.

கியூவில் வாசகர் அட்டை வேண்டும், கோப்பு எண்களை முன்கூட்டியே பதிந்துவைக்கலாம். பென்சில் மட்டும்தான் அனுமதி, பேனா கூடாது. சொந்தக் கேமராவில் படம் எடுத்துக்கொள்ளலாம். படம் எடுக்கும்போது பலரும் விடும் பிழை ஒன்று உண்டு: எழுத்து உள்ள பக்கத்தை மட்டும் எடுப்பார்கள். தாளின் பின்புறம், கோப்பின் அட்டை, அட்டையின் உள்பக்கம் ஆகியவற்றையும் எடுக்க வேண்டும். கோப்பு யார் யாரிடம் எந்தத் தேதியில் போனது என்பது பெரும்பாலும் அட்டையில்தான் இருக்கும். தாள்கள் இடது மேல்மூலையில் ஓட்டை போட்டு, இரு முனையிலும் உலோகத் துண்டு வைத்த கயிற்றால் கோக்கப்பட்டிருக்கும். புதியது மேலே, பழையது அடியில் என்பது வழக்கம். ஆகவே கடைசித் தாளிலிருந்து முன்னோக்கிப் படிக்க வேண்டும். மேலிருந்து படித்தால் பதில் முதலில் வரும், கேள்வி பிறகு வரும். கயிற்றைக் கழற்றக் கூடாது. மடிப்புக்குள் மறையும் முதல் வரியை மெதுவாகத் தூக்கிப் பார்க்கலாம், இழுக்கக் கூடாது.

மேல் பிரதியும் கார்பனும்

தட்டச்சுக் காலத்துக் கடிதம் ஒன்று குறைந்தது இரண்டு உயிர் கொண்டது. மேல் பிரதி பெறுநருக்குப் போகும், கார்பன் நகல் அனுப்பியவரிடம் தங்கும். டி 247-இல் கீன்ஸ் அனுப்பியவற்றில் பெரும்பாலும் கிடைப்பது கார்பன். கார்பனில் ஓரக்குறிப்பு இருக்காது, இருந்தாலும் அது அவர் கையாலேயே எழுதியது. வாங்கியவர் எந்த வரிக்கு அடியில் கோடு போட்டார், எங்கே கேள்விக்குறி வைத்தார், "இவரிடம் காட்டவும்" என்று யாருக்கு அனுப்பினார் என்பதெல்லாம் மேல் பிரதியில் இருக்கும். மேல் பிரதி இருப்பது வேறொரு கோப்பில், வேறொரு வரிசையில், சில சமயம் வேறொரு நாட்டில். அதனால் ஒரு முக்கியமான குறிப்பு கையில் கிடைத்தால் முதலில் கவனிக்க வேண்டியது அதன் உள்ளடக்கம் அல்ல, கீழே இருக்கும் விநியோகப் பட்டியல். ஐந்து பெயர் இருந்தால் ஐந்து பிரதி. அந்த ஐந்தில் எது பிழைத்திருக்கிறது என்று தேட வேண்டும். யாரும் தொடாத பிரதி ஒன்று கிடைத்தால் அதுவும் ஒரு செய்திதான், ஆனால் "அவர் படிக்கவேயில்லை" என்று அதை வைத்து எழுதிவிடக் கூடாது. படித்துவிட்டு வாய்மொழியாகப் பேசியிருக்கலாம். தொலைபேசிப் பேச்சும் தாழ்வாரப் பேச்சும் யாராவது குறித்துவைத்தால் ஒழியக் கோப்பில் விழாது.

அடுத்தது வரைவுகள். பட்டினி மூலை, சபலம், நீதி என்ற குறிப்பு மார்ச்சில் வரையப்பட்டது, திருத்தி மே மாதம் போர்க்கால அமைச்சரவைக்குச் சுற்றில் விடப்பட்டது. இடையில் ஏப்ரல் மாதம் கீன்ஸும் வாஷிங்டனில் இருந்த பிராண்டும் கடிதம் மாற்றிக்கொள்கிறார்கள். அமெரிக்க நாடாளுமன்றத்தின் மனநிலையை அங்கேயே இருந்து பார்த்துக்கொண்டிருந்த பிராண்டுக்கு, கீன்ஸுக்கு இருந்த அளவு நம்பிக்கை இல்லை. ஜூன் மாதம் டிரஷரிக்குள்ளேயே ஆட்டோ கிளார்க் மாற்றுத் திட்டம் ஒன்றை எழுதுகிறார்: அமெரிக்காவை இவ்வளவு நம்ப வேண்டாம், கொஞ்சமாகக் கடன் வாங்கிச் சமாளிக்க வழி பார்ப்போம் என்பது அதன் சாரம். இந்த மூன்றையும் தேதிவாரியாக அடுக்கிவிட்டு, மார்ச் பிரதியையும் மே பிரதியையும் பத்தி பத்தியாக ஒப்பிட்டால்தான் எங்கே கீன்ஸ் வளைந்தார், எங்கே வளையவில்லை என்பது புலப்படும். அச்சுத் தொகுப்பு இதற்கு அரைகுறைத் துணைதான். கீன்ஸின் எழுத்துகள் 30 தொகுதிகளாக வந்திருக்கின்றன, அருமையான வேலை. ஆனால் அது அவர் எழுதியதை நடுவில் வைத்துக் கட்டியது. எதிர்த்தவர்களின் குறிப்புகள் தேவைக்கேற்ப வந்துபோகும். அதை மட்டும் படிப்பவருக்கு ஒரு பெரிய மனிதர் சின்ன மனிதர்களோடு மல்லுக்கட்டிய கதை கிடைக்கும்.

1945 இலையுதிர்காலம்

எல்லாம் வந்து குவியும் இடம் இதுதான். ஆகஸ்ட் 13 அன்று கீன்ஸ் எழுதிய குறிப்பு, நிதித் துறையில் ஒரு டன்கிர்க் (1940-இல் பிரிட்டிஷ் படை பிரான்ஸிலிருந்து தப்பி வந்த தோல்வி) காத்திருக்கிறது என்று எச்சரித்தது. ஆகஸ்ட் 21 அன்று அமெரிக்க அதிபர் ட்ரூமன் லெண்ட்-லீஸை நிறுத்தும் அறிவிப்பு வந்தது. செப்டம்பரில் கீன்ஸ் வாஷிங்டனில், பிரிட்டிஷ் தூதர் ஹாலிஃபாக்ஸ் துணையோடு பேசத் தொடங்குகிறார். எதிரில் அமெரிக்க நிதியமைச்சர் வின்சனும் வெளியுறவுத் துறையின் வில் கிளேட்டனும். இந்த நொடியிலிருந்து கீன்ஸ் வெறும் ஆலோசகர் இல்லை. பேரம் பேசுபவரும் அவரே, பேரம் எப்படிப் போகிறது என்று லண்டனுக்கு அறிக்கை அனுப்புபவரும் அவரே, அடுத்து என்ன செய்யலாம் என்று அமைச்சர்களுக்கு ஆலோசனை சொல்பவரும் அவரே. மூன்றும் ஒரே தந்தியில் கலந்து வரும். அந்தத் தந்தியைப் படிப்பவர் முதலில் பென்சிலை எடுத்து வாக்கியங்களை மூன்றாகப் பிரிக்க வேண்டும்: அமெரிக்கர் சொன்னது எது, அதை இவர் புரிந்துகொண்டது எது, லண்டன் செய்ய வேண்டும் என்று இவர் விரும்பியது எது. பிரித்துப் பார்த்தால் முதல் வகை வியக்கத்தக்க அளவுக்குக் குறைவாக இருக்கும்.

தந்திகளுக்கு இரண்டு வரிசை. வாஷிங்டனிலிருந்து லண்டனுக்குப் போவது 'நபாப்', லண்டனிலிருந்து வருவது 'பபூன்'. (பெயர் வைத்தவர் வேலையை அவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொள்ளவில்லை போலும்.) ஒவ்வொன்றுக்கும் தொடர் எண் உண்டு. தலைப்பில் அனுப்பிய நேரம் ஒரு வரியிலும், பெறப்பட்ட நேரம் அடுத்த வரியிலும் இருக்கும். அவசரக் குறியும் இருக்கும். சங்கேதத்தில் போட்டு, அனுப்பி, பிரித்து, தட்டச்சு செய்து, சுற்றில் விட மணிக்கணக்கில் ஆகும். வாஷிங்டன் கடிகாரம் லண்டனுக்கு ஐந்து மணி நேரம் பின்னால். அவர்கள் இரவு முடித்து அனுப்பியது மறுநாள்தான் லண்டன் அரசு அலுவலகங்கள் இருக்கும் வைட்ஹாலில் மேசைக்கு வரும். அவசரமில்லாத நீண்ட தாள்கள் தூதரகப் பையில் போகும். அவற்றுக்கும் தந்தி போலவே எண் போட்டிருப்பதால் தந்தி என்றே நினைத்துவிடுவோம்.

இதில் நடக்கும் வழக்கமான விபத்து இது. தேதி வரிசையில் அடுக்கிய தந்திகளில் ஒரு நபாபுக்குப் பின் ஒரு பபூன் வந்தால், பின்னது முன்னதுக்குப் பதில் என்று படித்துவிடுவோம். உண்மையில் லண்டன் அதை எழுதும்போது முந்தையது வந்தே சேர்ந்திருக்காது, இரண்டும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கும். உடனே "லண்டன் கீன்ஸின் வாதத்தை அலட்சியப்படுத்தியது" என்று ஒரு முடிவு பிறந்துவிடும். தப்பிக்க ஒரே வழி, நான்கு நெடுவரிசை போட்ட அட்டவணை: தந்தி எண், அனுப்பிய நேரம், பெறப்பட்ட நேரம், அது குறிப்பிடும் முந்தைய தந்தியின் எண். பெரும்பாலும் தந்தியின் முதல் வரியே "உங்கள் இன்ன எண்" என்றுதான் தொடங்கும், அந்த எண்ணே இவற்றைக் கோக்கும் இழை. இரண்டு நாள் வேலைதான், ஆனால் இதைச் செய்யாமல் 1945-ஐப் பற்றி எழுதுவது துணிச்சல்.

அட்டவணை போட்டால் என்ன தெரிகிறது? அக்டோபர் தொடக்கத்திலேயே, இனாமும் கிடையாது, வட்டியில்லாக் கடனும் கிடையாது என்று அமெரிக்கத் தரப்பு தெளிவாக்கிவிட்டது. அமெரிக்கத் தொகுதியில் உள்ள கூட்டக் குறிப்புகளில் அது தயக்கமின்றி இருக்கிறது. லண்டன் அமைச்சர்களோ நீதி என்ற சொல்லைக் கேட்டு, அது கிடைக்கக்கூடியதே என்ற நம்பிக்கையில் தூதுக்குழுவை அனுப்பியவர்கள். அக்டோபர் 18-இல் நீண்ட நபாப் ஒன்று போகிறது. அமைச்சரவை உட்கார்ந்து மாற்று யோசனைகளுக்கு ஒப்புதல் தருவது நவம்பர் 6. இந்த இடைவெளியில் நடந்ததுதான் திருப்பம். கையில் எதுவும் மாறவில்லை, ஆனால் லண்டனில் கீன்ஸ் மீதான நம்பிக்கை வடிந்துவிட்டது. மார்ச்சில் அவர் வைத்த பெயர் இப்போது அவருக்கே எதிராக வேலை செய்தது. "நீதி" என்று பெயர் சூட்டிய ஒன்றிலிருந்து இறங்கிவருவதை எந்த அமைச்சராலும் சாதாரணச் சமரசமாகப் பார்க்க முடியாது. கிளார்க்கின் வறண்ட தாளில் அப்படி ஒரு சொல் இல்லை. அதனால் அதிலிருந்து இறங்கவும் ஏறவும் முடிந்திருக்கும்.

முடிவு வேகமாக வந்தது. வின்சன் தரப்பு 350 கோடி டாலர் என்றது, கிளேட்டன் 400 கோடி என்றார், ட்ரூமன் நடுவில் வெட்டி 375 கோடி என்றார். லெண்ட்-லீஸ் கணக்குத் தீர்க்க மேலும் 65 கோடி. வட்டி 2 சதவீதம், 1951 கடைசியிலிருந்து 50 ஆண்டுத் தவணை. தொகையை விடப் பெரிய இடி, ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த ஓராண்டுக்குள் பவுண்டை டாலராக மாற்றிக்கொள்ள அனுமதிக்க வேண்டும் என்ற நிபந்தனை. உலக நாணய ஏற்பாட்டை வகுத்த 1944 பிரெட்டன் வுட்ஸ் மாநாட்டில் இதற்குக் கிடைத்த ஐந்தாண்டு இடைக்காலம் கையை விட்டுப் போயிற்று. லண்டன் கடைசி நேரத்தில் இதை மாற்றப் பார்த்தது. டிரஷரியின் தலைமை அதிகாரி எட்வர்ட் பிரிட்ஜஸ் டிசம்பர் தொடக்கத்தில் விமானம் ஏறி வாஷிங்டன் வந்தார், ஏறக்குறைய கீன்ஸின் தலைக்கு மேலே. நிபந்தனை அசையவில்லை. டிசம்பர் 6 அன்று கையெழுத்தானது. 13-ஆம் தேதி பிரிட்டிஷ் நாடாளுமன்றப் பொதுச்சபையில் 345-க்கு 98 என்று நிறைவேறியது. ஆறு ஆண்டுகள் தவணை தள்ளிப்போனதால் கடைசித் தவணை 2006 டிசம்பரில்தான் கட்டப்பட்டது.

அந்த நீதியில் இந்தியா

இதே கோப்புகளை இந்தியப் பக்கமிருந்து பார்ப்பவர் இன்னும் குறைவு. போர்க்காலத்தில் பிரிட்டன் இந்தியாவிலிருந்து சரக்கும் சேவையும் எடுத்துக்கொண்டு, லண்டனில் பவுண்டாக வரவு வைத்தது. இங்கே ரிசர்வ் வங்கி அதை ஆதாரமாக வைத்து ரூபாய் அச்சடித்தது, விலை ஏறியது, 1943-இல் வங்காளத்தில் பஞ்சம் வந்தது. அந்த வரவுதான் ஸ்டெர்லிங் இருப்பு. கீன்ஸின் "நீதி"யில் அமெரிக்காவுக்கு மட்டும் பங்கு இல்லை. ஸ்டெர்லிங் கடன் கொடுத்தவர்களும் தங்கள் தொகையில் ஒரு பங்கைத் தள்ளுபடி செய்ய வேண்டும், ஒரு பங்கு மட்டும் புழக்கத்துக்கு விடப்படும், மிச்சம் நீண்ட காலத்தில் தீரும் என்பது அதன் இன்னொரு பாதி. கடன் கொடுத்தவர்களில் பெரியவர் இந்தியா. மேற்கோள் காட்டுபவர்கள் இந்தப் பாதியை விட்டுவிடுவார்கள்.

1944 ஜூலையில் பிரெட்டன் வுட்ஸ் மாநாட்டிலேயே இந்தியக் குழு ஸ்டெர்லிங் இருப்பு விஷயத்தைக் கிளப்பியது. குழுத் தலைவர் ஜெரமி ரெய்ஸ்மன், உடன் இந்திய அரசின் பொருளாதார ஆலோசகர் தியோடர் கிரகரி, ரிசர்வ் வங்கி ஆளுநர் சி.டி. தேஷ்முக், பம்பாய்த் தொழில்துறையைச் சேர்ந்த ஏ.டி. ஷ்ராஃப், கோயம்புத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியார். வங்கியில் பத்து லட்சம் டாலர் இருந்தும் டாக்சிக்குக் கொடுக்கச் சில்லறை இல்லாதவன் நிலை எங்களுடையது என்று ஷ்ராஃப் சொன்னது புகழ்பெற்ற வாசகம். கோரிக்கை ஏற்கப்படவில்லை. இந்தியா சர்வதேச நிதியத்தில் 40 கோடி டாலர் ஒதுக்கீட்டோடு திரும்பியது. மாநாட்டின் சொல்லுக்குச் சொல் பதிவுகள் அமெரிக்க டிரஷரியின் நூலகத்தில் கவனிப்பாரற்றுக் கிடந்து, 2012-இல்தான் அச்சேறின. அதுவரை எல்லோரும் நம்பியிருந்தது 1948-இல் வந்த அதிகாரப்பூர்வத் தொகுப்பை.

இந்திய ஆலோசகர்களின் கடிதங்களுக்கு மூன்று இடம் பார்க்க வேண்டும்: லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆஃபீஸ் பதிவுகளின் நிதி வரிசை 'எல்/எஃப்', டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் நிதித்துறை, புனேயில் ரிசர்வ் வங்கிக் காப்பகம். டெல்லியிலிருந்து லண்டனுக்குப் போன ஒரு கடிதத்தின் மேல் பிரதி முதலாவதில், அலுவலக நகல் இரண்டாவதில். மேல் பிரதிக்கும் கார்பனுக்கும் சொன்ன அதே விதி இங்கேயும். ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: கிரகரி ஆலோசனை சொன்னது இந்திய அரசுக்கு, அந்த அரசு பதில் சொன்னது லண்டனுக்கு. அவர் பேனாவில் இந்தியாவின் குரலைத் தேடுபவர், தேஷ்முக், ஷ்ராஃப் தரப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால்தான் எது எவ்வளவு என்று நிதானிக்க முடியும். தள்ளுபடி கடைசிவரை நடக்கவில்லை. 1947 ஆகஸ்டில் கணக்குப் பார்த்தபோது இந்தியாவின் இருப்பு 116 கோடி பவுண்டு. அதை ஒன்றாம் எண், இரண்டாம் எண் என்று இரண்டு கணக்காகப் பிரித்து, முதலாவதிலிருந்து மட்டும் தாராளமாக எடுக்கலாம் என்றார்கள். சில மாதங்களில் சுதந்திர இந்தியாவின் முதல் வரவுசெலவுத் திட்டத்தைத் தாக்கல் செய்தவர் அதே சண்முகம் செட்டியார்.

எது பிழைத்தது, எது போனது

இத்தனையும் இருக்கிறதே என்று மகிழ்வதற்கு முன் ஒரு கணக்கு. அரசு ஆவணங்களைப் பற்றி ஆராய்ந்த கிரிக் குழு 1954-இல் சொன்ன முறைப்படி, பிரிட்டிஷ் துறைக் கோப்புகளை ஐந்தாம் ஆண்டு வாக்கில் ஒருமுறையும் 25-ஆம் ஆண்டு வாக்கில் இன்னொரு முறையும் சலித்தார்கள். பெரும்பங்கு அழிக்கப்பட்டது. புகழ்பெற்றவர் பெயர் தாங்கிய கோப்பை யாரும் அழிப்பதில்லை, பெயர் தெரியாத உதவிச் செயலாளரின் கோப்புக்கு அந்தக் கருணை கிடையாது. ஆகவே எஞ்சியிருக்கும் தாள்களில் யார் அதிகம் பேசுகிறார் என்பதை வைத்து, அன்று யார் பேச்சு எடுபட்டது என்று அளக்க முடியாது. பட்டியலில் எண் தாவியிருந்தால் குறித்துவைக்க வேண்டும். கோப்பின் நடுவே "இத்தாள் பொது ஆவணச் சட்டத்தின் 3(4) பிரிவின்படி துறையிலேயே வைக்கப்பட்டுள்ளது" என்ற சீட்டு இருந்தால், தகவல் சுதந்திரச் சட்டத்தில் மனுப் போடலாம். பொருளாதாரக் கோப்புகளில் இது குறைவு. கிங்ஸ் கல்லூரியில் உள்ள அச்சேறாத கடிதங்களை மேற்கோள் காட்டக் கல்லூரியின் அனுமதி தேவை. அரசுத் தாள்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

கீன்ஸ் 1946 ஏப்ரல் 21 அன்று இறந்தார். கடன் ஒப்பந்தம் அதன் பிறகு, ஜூலை 15 அன்று நடைமுறைக்கு வந்தது. சரியாக ஓராண்டு கழித்து 1947 ஜூலை 15 அன்று பவுண்டு மாற்றத்தக்கதானது. டாலர் கையிருப்பு கொட்டிப்போக, ஆகஸ்ட் 20 அன்று நிறுத்தினார்கள். அதற்கான கடிதங்களை வாஷிங்டனில் அமெரிக்க நிதியமைச்சர் ஸ்னைடருடன் மாற்றிக்கொண்டவர் வில்ஃப்ரிட் ஈடி, 1945-இல் லண்டன் முனையில் உட்கார்ந்து கீன்ஸின் தாள்களை வாங்கிப் படித்துக்கொண்டிருந்த அதே டிரஷரி அதிகாரி. அவருடைய குறிப்புகள் டி 236-இல் இருக்கின்றன. மேற்கோளுக்கு உதவாத, சுவையற்ற நடை. 1945 கடனைப் பற்றி எழுத உட்காருபவர் முதலில் வரவழைக்க வேண்டிய பெட்டி அதுதான்.